மலை மிஞ்சுகிறதா, முதலில் அதைப் பாருங்கள்

2021 ஜூலை 24, சனிக்கிழமை. சீன அரசு ஓர் ஆணையை வெளியிட்டது. பள்ளிப் பாடங்களுக்கு டியூஷன் நடத்தும் நிறுவனங்கள் இனி லாபம் பார்க்கக் கூடாது. பங்குச் சந்தையில் பணம் திரட்டக் கூடாது. சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் வகுப்பே கூடாது. பிள்ளைகளின் படிப்புச் சுமையும் பெற்றோரின் செலவும் குறையட்டும் என்று காரணம் சொன்னார்கள். நோக்கம் எப்படியோ, லட்சக்கணக்கான ஆசிரியர்களின் பிழைப்பு ஒரே வாரக் கடைசியில் ஆட்டம் கண்டது.

பெரிய அடி வாங்கியவற்றில் ஒன்று நியூ ஓரியண்டல். யூ மின்ஹோங் 1993இல் பெய்ஜிங்கில் தொடங்கிய நிறுவனம். 2006 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் இருப்பது. 2022 ஜனவரியில் அவரே கணக்கை வெளியில் சொன்னார். சந்தை மதிப்பில் 90 சதவீதம் போயிற்று, வருமானத்தில் 80 சதவீதம் போயிற்று, 60,000 பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மாணவர்களுக்குத் திருப்பித் தந்த கட்டணம், ஊழியர்களுக்கான இழப்பீடு, காலி செய்த கட்டடங்களுக்கான தொகை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 கோடி யுவான் ரொக்கமாக வெளியேறியது.

அவ்வளவையும் கொடுக்கும் அளவுக்குக் கையில் பணம் வைத்திருந்தார் என்பதுதான் இந்தக் கணக்கில் என் கண்ணில் படும் வரி. அதற்குப் பிறகும் நிறுவனம் மூடப்படவில்லை.

சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு: பச்சை மலை மிஞ்சினால் போதும், விறகுக்குப் பஞ்சம் வராது. தேர்வில் தோற்ற பையனுக்கும், கடை நொடித்த வியாபாரிக்கும், ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கும் இதையே சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டு நாவலான 'சிவப்பு மாளிகைக் கனவு' கதையில் உடம்பு சரியில்லாத லின் தாய்யூவிடம் பணிப்பெண் சொல்வதும் இதுதான்.

ஆறுதல் வார்த்தையாகத்தான் பெரும்பாலும் இது புழங்குகிறது. எனக்கு இது ஒரு கணக்குப் பாடமாகப் படுகிறது. எது மலை, எது விறகு என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருப்பவருக்குத்தான் இந்தப் பழமொழி உதவும். பிரிக்காதவர் விறகைக் காப்பாற்றப் போய் மலையை எரித்துவிடுவார். அலுவலகங்களில் இது அன்றாடம் நடக்கிறது.

பதவிப் பெயர், தனி அறை, இந்த வருட இன்கிரிமென்ட், நீங்கள் ஆசையாக வளர்த்த ப்ராஜெக்ட், ஏன், இப்போது இருக்கும் கம்பெனியே கூட விறகுதான். போனால் வலிக்கும், ஆனால் மறுபடி முளைக்கும். உடம்பு, கைத்திறமை, உங்கள் சொல்லுக்கு நாலு பேரிடம் இருக்கும் மதிப்பு, சில மாதச் செலவுக்கான பணம் ஆகியவை மலை. இவை போனால் மீட்க வருடங்கள் ஆகும். உடம்பு சில சமயம் மீளவே மீளாது.

வளைந்துகொடு, அனுசரித்துப் போ என்று அறிவுரை சொல்லாத ஆள் இல்லை. எதை வளைப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் மேலதிகாரி எதையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இது விறகா, மலையா? டெலிவரி நெருங்குகிறது, ஒரு மாதம் ராத்திரி உட்கார வேண்டும் என்றால் விறகு. இரண்டு வருடமாக நாலு மணி நேரத் தூக்கம் என்றால் மலை. சின்னப் பதவிக்கு இறங்கச் சொன்னால் விறகு. பொய்க் கணக்கின் அடியில் உங்கள் கையெழுத்தைக் கேட்டால், சம்பளத்தை இரட்டிப்பாக்கினாலும் அது மலை.

நாளைக்கே நின்றால்?

யூ மின்ஹோங்கிடம் 2021இல் அவ்வளவு பணம் எப்படி இருந்தது என்பதற்கு 2003க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு சார்ஸ் தொற்று பெய்ஜிங்கை முடக்கியது. வகுப்புகள் நின்றன, பெற்றோர்கள் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். கஜானா காலி. நண்பர்களிடம் கடன் வாங்கித்தான் அவரால் சமாளிக்க முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டார்: நாளைக்கே நிறுவனம் நின்றாலும், எல்லா மாணவர்களின் கட்டணத்தையும் எல்லா ஊழியர்களின் கணக்கையும் தீர்க்கும் அளவுக்குப் பணம் எப்போதும் வங்கியில் இருக்க வேண்டும். வளரும் தொழிலில் இவ்வளவு பணத்தைச் சும்மா தூங்க விடுவது பத்தாம்பசலித்தனம் என்றுதான் பலருக்குத் தோன்றியிருக்கும். பதினெட்டு வருடம் கழித்து அது வேலைக்கு வந்தது.

சம்பளக்காரருக்கும் இந்த விதி பொருந்தும். ஒரு தாளை எடுத்து, நாளைக்கே வேலை நின்றால் முதல் மாதமே கதவைத் தட்டும் செலவுகளை எழுதுங்கள்: வாடகை, வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் மருந்து. பலர் மறப்பது மருத்துவக் காப்பீட்டை. கம்பெனி கொடுத்த பாலிசி பெரும்பாலும் நீங்கள் விலகும் நாளோடு முடிந்துவிடும். வேலையும் இல்லாமல் காப்பீடும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதை விட மோசமான நிலைமை குறைவு. உங்கள் பெயரில் தனியாக ஒரு சின்ன பாலிசியாவது இருக்கட்டும். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். கணக்கை உடைத்து பைக் வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டு அதை மறந்துபோவது நல்லது.

எத்தனை மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும்? ஆறு மாதம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. நாற்பதைத் தாண்டியவர்களும், ஒரே ஆள் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களும் ஒரு வருடத்துக்கு வைத்திருந்தால் நிம்மதி. முடியாது என்று கைவிரிக்க வேண்டாம். சம்பளம் ஏறிய மாதமே இ.எம்.ஐ. ஏறாமல் ஒரு வருடம் பார்த்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். அனுசரித்துப் போவது குணத்தைப் பற்றியது என்று நினைக்கிறோம். ஆனால் வங்கிக் கணக்கில் எட்டு மாதச் செலவு இருப்பவர் மீட்டிங்கில் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

மாட்டிறைச்சி விற்ற ஆங்கில ஆசிரியர்

நியூ ஓரியண்டல் மூடிய வகுப்பறைகளில் மிஞ்சிய மேசை நாற்காலிகளில் ஏறக்குறைய 80,000 ஜோடிகளைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. மிஞ்சிய ஆசிரியர்களை என்ன செய்வது? 2021 டிசம்பர் 28 அன்று நிறுவனம் டொயின் தளத்தில் நேரலைக் கடை ஒன்றைத் திறந்தது. டொயின் என்பது டிக்டாக்கின் சீனப் பதிப்பு. அரிசி, சோளம், பழங்கள் என்று விவசாயப் பொருள்களைக் கேமரா முன்னால் நின்று விற்கும் கடை. முதலில் யூ மின்ஹோங்கே நின்றார். வலைவாசிகள் கிண்டல் செய்தார்கள். மாதக்கணக்கில் பெரிய கூட்டம் இல்லை.

அங்கே விற்க நின்றவர்களில் ஒருவர் டோங் யூஹுய். ஷான்சி மாகாணத்து விவசாயக் குடும்பத்தில் 1993இல் பிறந்தவர், சியான் நகரத்தில் நியூ ஓரியண்டலில் ஆங்கிலம் கற்பித்தவர். சதுர முகம். அவரே அதைச் சியானின் களிமண் போர்வீரர் சிலைகளோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்துகொள்வார். நேரலை விற்பனையில் அப்போது நடந்ததெல்லாம் கத்தல்தான்: இன்னும் அஞ்சே பெட்டி, சீக்கிரம், சீக்கிரம். டோங்குக்கு அது வரவில்லை. தெரிந்ததைச் செய்தார். வெள்ளைப் பலகையை எடுத்து வைத்து, விற்கும் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, சொல்லை விளக்கி, ஊர்ச் சோளத்தைப் பற்றியும் சிறுவயதுக் கோடையைப் பற்றியும் நிதானமாகப் பேசினார். 2022 ஜூனில் மாட்டிறைச்சித் துண்டு விற்றபடி ஆங்கில வகுப்பு எடுத்த காணொளி ஊரெல்லாம் பரவியது. சில நாள்களில் அந்தக் கடையைப் பின்தொடர்பவர்கள் 1 கோடியைத் தாண்டினார்கள்.

இந்தக் கதையை 'ஆசிரியர் விற்பனையாளராக மாறினார்' என்று சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் வகுப்பறையை விட்டார், வகுப்பெடுப்பதை விடவில்லை. கூட்டத்தின் முன்னால் நின்று, அந்நியமான ஒன்றை எளிமையாக்கி, தூங்கப் போகிறவனையும் கேட்க வைப்பது அவருடைய தொழில். பாடம் மாட்டிறைச்சியானால் என்ன?

ஆகவே ஒரு பயிற்சி. உங்கள் வேலையைப் பதவிப் பெயர் இல்லாமல் எழுதிப் பாருங்கள். 'சீனியர் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்' என்று எழுதக் கூடாது. 'ஐந்து கிளைகளிலிருந்து வரும் குழப்பமான பில்களை மாதக் கடைசிக்குள் ஒழுங்குபடுத்துகிறேன். பணம் தராமல் இழுத்தடிக்கும் டீலரிடம் சண்டை வராமல் வசூலிக்கிறேன்' என்று எழுதுங்கள். இரண்டாவது வரி வேறு பத்துத் தொழில்களில் செல்லுபடியாகும் சரக்கு. இப்படி ஆறேழு வரி தேறினால் ரெஸ்யூமேயின் முதல் பத்தி தயார். இரண்டு வரிக்கு மேல் தேறவில்லை என்றால் அது கொஞ்சம் கவலைக்குரிய செய்தி. இந்த ஆண்டு எந்தப் பயிற்சியில் சேரலாம் என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது.

வெளியேறிய 60,000 பேரும் டோங் ஆகிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டோங்கும் அங்கேயே இருக்கவில்லை. 2023 டிசம்பரில் நிறுவனத்துக்குள் அவரைச் சுற்றிப் பெரிய பூசல் வெடித்தது, தலைமை நிர்வாகி பதவி இழந்தார். 2024 ஜூலையில் டோங் தன் பெயரிலான கடையோடு தனியே பிரிந்தார். மரத்தை இடம் மாற்றி நட்டால் செத்துப்போகும், மனிதனை இடம் மாற்றினால் பிழைப்பான் என்று சீனத்தில் இன்னொரு பழமொழி இருக்கிறது. கம்பெனி மாறத் தயங்குகிறவனிடம் நண்பர்கள் சொல்வது அதைத்தான்.

இரும்புக் கிண்ணம் உடைந்தபோது

பழமொழிகளை ரசிப்பவர்கள் 1990களின் சீனாவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரசு ஆலை வேலைக்கு அங்கே 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்று பெயர். வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளி, ஓய்வூதியம் எல்லாம் ஆலையே தரும். 1997க்குப் பிறகு பிரதமர் ஜு ரோங்ஜி காலத்துச் சீர்திருத்தத்தில் அந்த ஆலைகள் மூடப்பட்டன, சுருக்கப்பட்டன, விற்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் 2 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ஷென்யாங் நகரின் தியேசி போன்ற கனரக ஆலைப் பகுதிகளில் ஒரே வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் வேலை போனது.

அந்த நேரத்தில் மேலேயிருந்து வந்த செய்தி என்ன? தைரியமாக இருங்கள், முதலிலிருந்து தொடங்குங்கள். தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டார்கள். 1999 வசந்த விழா நிகழ்ச்சியில், வேலை இழந்த தொழிலாளி ஒருவர் அதைச் சிரித்த முகத்தோடு ஏற்பதாக ஒரு நகைச்சுவை நாடகம் வந்தது. இன்றும் கசப்போடு அதை நினைவுகூர்பவர்கள் உண்டு. சிலர் காலைப் பலகாரக் கடை போட்டார்கள், சிலர் டாக்சி ஓட்டினார்கள், சைக்கிள் பழுது பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கும் ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கும் வேலை கிடைப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்றால், '4050' என்று அவர்களுக்கு ஒரு தனிப் பெயரே வந்தது.

அவர்களுக்கு மனவலிமை இல்லை என்று சொல்வது அநியாயம். வீட்டிலிருந்து மருத்துவம் வரை ஒரே இடத்தில் இருந்ததால், அந்த இடம் போனபோது மலையும் சேர்ந்து போயிற்று. நம் காலத்துக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றுதான்: நண்பர்கள், கடன், காப்பீடு, தொழில்நுட்ப அறிவு எல்லாவற்றையும் ஒரே முதலாளியின் கூரைக்கடியில் வைக்காதீர்கள். அலுவலகத்துக்கு வெளியே, உங்கள் தொழிலிலேயே, மாதம் ஒருவரிடமாவது தேநீர் குடித்தபடி பேசுங்கள். வேலை தேடும்போது மட்டும் ஃபோன் செய்கிற ஆளாக இருக்கக் கூடாது.

யாருடைய வளைவு?

'ஃப்ளெக்ஸிபிள்' என்ற சொல்லைக் கேட்டதும் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். 2021 இறுதியில் சீன அரசுக் கணக்குப்படி 'நெகிழ்வான வேலை'யில் இருந்தவர்கள் 20 கோடி பேர். உணவு டெலிவரி செய்பவர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள், நேரலையில் நிற்பவர்கள் எல்லாரும் இதற்குள் அடக்கம். பலருக்கு நிலையான ஒப்பந்தம் இல்லை, முதலாளி பங்களிக்கும் ஓய்வூதியம் இல்லை. தொழிலாளி வளைகிறார், கம்பெனி நிமிர்ந்து நிற்கிறது.

அதே நாட்டின் ஐ.டி. கம்பெனிகளில் '996' என்றொரு வழக்கம்: காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள். 72 மணி நேரம். சீனத் தொழிலாளர் சட்டத்தில் வார வரம்பு 44 மணி நேரம், ஓவர்டைம் மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 2021 ஆகஸ்டில் சீன உச்ச நீதிமன்றம் 996 சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொன்னது. சொன்ன பிறகும் வழக்கம் முழுக்க ஒழிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

எனவே இன்டர்வியூவில் "நீங்கள் ஃப்ளெக்ஸிபிளா?" என்று கேட்டால், "எந்த விஷயத்தில் சார்?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். வேலை நேரத்திலா, ஊர் மாற்றத்திலா, வேலையின் வகையிலா? பதில் தெளிவாக வந்தால் நல்ல இடம். "அது வந்து பார்த்துக்கலாம்" என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒருமுறை தவழ்ந்தவர்

அவமானத்தை எவ்வளவு பொறுப்பது? சீனர்கள் இதற்கு எடுத்துக்காட்டும் ஆள் ஹான் சின். ஹுவாய்யின் ஊரில் வாளோடு திரிந்த ஏழை இளைஞன். கசாப்புக் கடைக்காரப் பையன் ஒருவன் சந்தையில் வழிமறித்து, தைரியம் இருந்தால் என்னைக் குத்து, இல்லையென்றால் என் கால்களுக்கிடையில் தவழ்ந்து போ என்றான். ஹான் சின் அவனை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தவழ்ந்து போனார். சந்தையே சிரித்தது. பின்னாளில் அவர் ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங்கின் பெரும் தளபதி. கி.மு. 202இல் சூ நாட்டு மன்னராக ஊர் திரும்பியபோது அதே ஆளைக் கூப்பிட்டு அதிகாரி வேலை கொடுத்தார்.

இதைச் சொல்லி ஊழியர்களை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் மேலாளர்கள் கதையின் பாதியை மறைக்கிறார்கள். ஹான் சின் ஒருமுறை தவழ்ந்தார், தினமும் தவழவில்லை. அந்தச் சந்தையிலேயே உட்கார்ந்திருக்கவும் இல்லை. லியூ பாங்கின் போட்டியாளரான சியாங் யூவிடம் இருந்தார், யோசனை சொன்னால் கேட்கவில்லை என்றதும் விலகினார், எதிரணிக்குப் போனார். வீண் சண்டையில் உயிரை விடக் கூடாது என்பதற்குத்தான் குனிந்தார்.

ஒரு நாள் கத்திய மேலாளரை மன்னிக்கலாம். வாராவாரம் கத்துகிறவர் என்றால் தேதி, சம்பவம், உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள், வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள். பாலியல் தொந்தரவு இந்தக் கணக்கில் சேராது, அங்கே பொறுமை என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும்.

ஹான் சின் கதையை எழுதி வைத்த வரலாற்றாசிரியர் சிமா சியானே குனிந்து மீண்டவர்தான். தோற்றுச் சரணடைந்த தளபதி லீ லிங்குக்குப் பரிந்து பேசியதற்காகப் பேரரசர் வூ அவரைத் தண்டித்தார். மானமுள்ளவன் தற்கொலை செய்துகொள்வான் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. அவரோ காயடிக்கப்படும் தண்டனையை ஏற்று உயிரோடு இருந்து, அப்பா தொடங்கிய வரலாற்றை 130 அத்தியாயங்களில் முடித்தார். இப்படி ஒரு கொடுமையை வேலை வழிகாட்டியில் உதாரணம் காட்டுவது அபத்தம்தான். ஆனால் தன் மலை எது என்று அவருக்கிருந்த தெளிவு வேறு யாரிடமும் எனக்குத் தென்பட்டதில்லை.

ஏறிய பிறகு இறங்குவது

ஹான் சின் கடைசியில் தோற்றது இங்கேதான். லியூ பாங்குக்குச் சந்தேகம் வந்து, மன்னர் பட்டத்தைப் பறித்து வெறும் பிரபுவாக்கித் தலைநகரில் உட்கார வைத்தார். சந்தையில் தவழ முடிந்தவரால் இதைத் தாங்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அரசவைக்கு வராமல் இருந்தார். தனக்குக் கீழே இருந்த தளபதிகளோடு ஒரே வரிசையில் நிற்பதா என்று வாய்விட்டுப் புலம்பினார். கி.மு. 196இல் சதிக் குற்றச்சாட்டில் பேரரசி லூ அவரைக் கொன்றார். அவரை அரண்மனைக்கு ஏமாற்றி அழைத்து வந்தது, ஒரு காலத்தில் லியூ பாங்கிடம் வாதாடி அவரைத் தளபதியாக்கிய அதே சியாவ் ஹெ.

டெங் சியாவோபிங் வேறு மாதிரி இறங்கினார். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்சியில் இருந்தவர், 1969இல் 65 வயதில் ஜியாங்சி மாகாணத்தில் ஒரு டிராக்டர் பழுதுபார்க்கும் ஆலைக்கு ஃபிட்டராக அனுப்பப்பட்டார். 1925இல் பிரான்சில் ரெனோ கார் ஆலையில் கற்ற அரத்தைப் பிடிக்கும் வேலை அவருக்கு மறக்கவில்லை. காலையில் ஆலை, பிறகு படிப்பு, தினமும் நடை. மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. 1973இல் துணைப் பிரதமராகத் திரும்பினார். 1976இல் மறுபடி விழுந்து 1977இல் மறுபடி எழுந்தார். அவருடைய அரசியல் யாருக்குப் பிடிக்கும், பிடிக்காது என்பது தனி விவாதம். அந்த ஆலையில் கழித்த மூன்று வருடத்துக்கும் மேலான காலத்தை அவர் செலவழித்த விதம் வேலையிழந்த எந்த மேனேஜரும் படிக்க வேண்டிய ஒன்று.

உங்களுக்கும் ஒருநாள் இது வரலாம். கம்பெனி இணையும், டீம் கலையும், பத்துப் பேரை மேய்த்தவரைத் தனி ஆளாக உட்காரச் சொல்வார்கள். கோபத்தில் அன்றைக்கே ராஜினாமா எழுத வேண்டாம், அன்றைக்கே சரி என்று தலையாட்டவும் வேண்டாம். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கையிருப்புத் தாளை எடுத்துப் பாருங்கள். ஏற்பது என்று முடிவானால் மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்: புது வேலையின் எல்லை என்ன, யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், எந்தத் தேதியில் இந்த ஏற்பாட்டை மறுபடி பேசுவோம். முதல் இரண்டையும் எச்.ஆர். யோசிக்காமல் தந்துவிடுவார்கள். மூன்றாவதுக்குத்தான் மழுப்புவார்கள். அந்தத் தேதியை எழுதித் தரும் வரை புதுப் பணிக் கடிதத்தில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.